அளவுக்கல்லும் சேர்ந்து இறங்கியது

காலை 11.20. திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்ரீரங்கத்துக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய் என்றார்கள். பேரம் பேச எனக்கு வாயே வரவில்லை. பைக்குள் ஒரு பழைய கடிதம். அதைக் கொடுக்கத்தான் சென்னையிலிருந்து வந்திருந்தேன்.

"கோயிலுக்குங்களா சார்?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க, ஒருத்தரைப் பார்க்கணும்."

"என்ன வேலைங்க பார்த்தீங்க?"

"சுரங்கங்களை ஆய்வு பண்ற அரசாங்க வேலை. ரிட்டயர் ஆயிட்டேன்."

"அடேங்கப்பா! உங்களைக் கண்டாலே நடுங்கியிருப்பாங்களே!"

நடுங்கினார்கள்தான். மாலை போட்டு வரவேற்பார்கள், பதிவேட்டை நீட்டுவார்கள். நானும் பெரிய மனுஷனாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவேன்.

11.45. காவிரிப் பாலம். தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. பார்க்க மனம் இல்லை.

பல வருஷத்துக்கு முன், வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம். அடியில் கரியை எடுத்தால் மேலே மண் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று தெரிய, மேலே கற்களை நட்டு, தூரத்தில் அசையாமல் இருக்கும் ஓர் அளவுக்கல்லோடு மாதாமாதம் ஒப்பிடுவார்கள். அங்கே அந்த அளவுக்கல்லையே கரி எடுத்த இடத்துக்கு மேல் நட்டிருந்தார்கள். எல்லாக் கல்லும் சேர்ந்து இறங்கின. பதிவேட்டில் மட்டும் 'மாற்றம் இல்லை'. அதைக் கண்டுபிடித்து எனக்குக் கடிதம் எழுதியவர் சுரங்கத்தின் சர்வேயர் ரங்கராஜன். பிறகு தொழிலாளர் குடியிருப்பில் மண் இறங்கி ஒரு வீடு இடிந்து, ஒரு தாயும் குழந்தையும் போனார்கள். அளந்தவர் என்று பழி ரங்கராஜன் தலையில் விழுந்தது, வேலையும் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

12.05. சித்திரை வீதி. "வாங்கோ சார், வாங்கோ!" என்று ரங்கராஜன் எழுந்து நின்றார். எனக்காக! கூசிப்போனேன். அவர் மனைவி அலமேலு காபி கொண்டுவந்தார்.

"ஒண்ணுதான் சார் மனசை அறுக்கறது," என்றார் ரங்கராஜன். "அந்த லெட்டரை ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பியிருக்கணும். அவசரத்துல சாதாத் தபால்ல போட்டுட்டேன். உங்க கைக்கு வந்திருந்தா ரெண்டு பேரும் பொழச்சிருப்பா."

அட கடவுளே! இத்தனை வருஷமும் இந்த மனுஷன் தன்னைத்தான் நொந்துகொண்டிருக்கிறார். கடிதத்தை எடுத்து நீட்டினேன். மேல் மூலையில் பச்சை மசியில் என் எழுத்து: 'பார்த்தேன். அடுத்த ஆய்வில் கவனிக்கலாம்.' அதன் கீழ் இருந்த தேதி, வீடு இடிவதற்குப் பதினாறு நாள் முந்தையது.

இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வந்துடுத்து அலமேலு! லெட்டர் போய்ச் சேர்ந்திருக்கு!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"பாவி" என்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அலமேலுதான் நான் பாதி குடித்த காபியை எடுத்துக்கொண்டு, "கெளம்புங்கோ," என்றார்.

கடிதத்தை ரங்கராஜனிடமே விட்டேன். "எங்கே வேணும்னாலும் கொடுங்க, நானே வந்து சாட்சி சொல்றேன்," என்றேன். தலையாட்டினார். வாசல் வரை வந்தவர், "அந்தக் குழந்தை பேர் ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டார்.

நான் கையெழுத்திட்ட விபத்து அறிக்கையில் 'இருவர்' என்றுதான் இருந்தது.

1.10. திரும்பவும் அதே பாலம். சென்னை போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பேர் எனக்குத் தெரியவே தெரியாது.