அத்தானுக்கு வேறு டிரிகர்

என் அக்காள் கணவருக்கு நீடாமங்கலத்தில் ரைஸ் மில் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய பிஸ்டலும் இருக்கிறது. பட்டுவேட்டிமேல் பெல்ட் கட்டி, தோல் உறையில் அதைச் செருகிக்கொள்ளாமல் எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டார்.

நான் பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டார்.

"கம்பெனி டிரிகர் இறுக்கமாம் மாப்ள. வேற போட்டுடலாமா? கைப்பிடியும் மாத்தணும்னு வீடியோல சொல்றான்."

"இதுவரைக்கும் எத்தனை தடவ சுட்டிருக்கீங்க அத்தான்?"

"சுடுறதுக்கா வாங்கினேன்?" என்றார் எரிச்சலோடு.

"அப்ப எதுக்கு மாத்தணும்? கண்டதையும் மாட்டினா லைசென்ஸ்தான் போகும்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுபடியும் வீடியோ பார்க்க உட்கார்ந்தார்.

அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. லைசென்ஸ்காரர்கள் எல்லாரையும் போல அவரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். ஆனால் அடுத்த முகூர்த்தத்தில் பார்க்கிறேன், இடுப்பில் அதே உறை, அதே புடைப்பு. மண்டபத்தில் வழிவிட்டு ஒதுங்குகிறார்கள்.

பந்தி முடிந்து அவருக்குப் போனில் ஏதோ படிக்க வேண்டியிருந்தது. என் பக்கத்தில் நின்றபடியே உறையைத் திறந்து, அதற்குள் இருந்த கண்ணாடிக் கூட்டிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

டிரிகர் என்ன, மொத்தத் துப்பாக்கியையுமே மாற்றியாகிவிட்டது. மிடுக்கு மட்டும் துளியும் குறையவில்லை.