பனிமலைக்கு ரிமோட் அமுக்கியவர்

இரண்டு வயது மகனைத் துபாயிலிருந்து கூட்டிப்போய் நார்வே பனிக்கடலில் கப்பலேற்றியது யாருக்காக? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

படத்தில் முகம் தெரியட்டும் என்று மேல்தளத்தில் அவன் குல்லாவைக் கழற்றினேன். அவனுக்குத் தெரிந்த குளிரெல்லாம் வீட்டு ஏசிதான். "அம்மா, ஏசி ஆஃப் பண்ணு," என்று அழுதான்.

அருகில் குவைத்திலிருந்து வந்திருந்த தமிழர் ஒருவர் நின்றிருந்தார். வழுக்கைத் தலை, எந்நேரமும் ஏலக்காய் மெல்லுவார். பனிமலையை நோக்கி ரிமோட் அமுக்குவதுபோல் விரலை அசைத்தார்.

"ஆஃப் பண்ணிட்டேன்டா தங்கம்."

மகன் சற்றுப் பொறுத்துப் பார்த்தான். "இன்னும் குளுருது மாமா."

"உள்ள தூக்கிட்டுப் போம்மா," என்றார் என்னிடம்.

"ஒரே ஒரு போட்டோண்ணே."

அவர் மகன்மேல் காற்று படாமல் மறித்து நின்றார்.

படத்தில் மகன் அழுகிறான்; ஓரத்தில் அவர் முதுகு. ஊரில் என் அம்மா படம் கேட்கிறாள். அனுப்பட்டுமா, அழித்துவிடட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.