அடுப்பில்லாத கப்பல்

கோவையில் பொழுதுபோக்காக மரத்தில் குட்டிக் கப்பல் செய்கிறவர்களுக்கெல்லாம் கணபதி ஏரியா பிரான்சிஸ்தான் வாத்தியார். அவரிடம் கப்பல் செய்யக் கற்றுக்கொண்ட பம்புசெட் கடை தனபாலைவிட வயதில் இளையவர். யார் கப்பலைக் கொண்டுவந்து காட்டினாலும் பாய்மரத்தைப் பார்க்கமாட்டார்.

"அடுப்பு எங்கீங்க?" என்பார்.

"மேல்தளத்த மூடிப்போட்டா அதை யாருங்க பார்க்கப் போறாங்க?" என்று தனபால் ஒருமுறை எரிந்து விழுந்தார்.

"உள்ள இருக்கறவன் சாப்பிட வேண்டாமுங்களா?"

பிரான்சிஸ் இறந்த பிறகு, அவர் பாதியில் விட்ட கப்பலை அவருடைய மனைவி தனபாலிடம் கொடுத்தார். பாய்மரம் இல்லை, சுக்கான் இல்லை. உள்ளே அடுப்பு மட்டும் தயாராக இருந்தது. அதன்மேல் மிளகளவு பானை. தட்டு வைக்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

தனபால் தகரத்தில் இரண்டு தட்டு வெட்டி எதிரெதிரே வைத்தார். பிறகு யாரும் பார்க்கமுடியாதபடி மேல்தளத்தை மூடினார்.