வாசலில் திரும்பிய கப்பல்

அந்தத் துறைமுகத்தில் அவளைப் பைலட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே கடலில் காத்து நிற்கும் கப்பலுக்குச் சின்னப் படகில் போய், கயிற்றேணியில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று வழிசொல்லிக் கப்பலை உள்ளே கொண்டுவர வேண்டும். கரையில் கட்டி முடிகிறவரை பயம் விடாத வேலை. பயமே இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது என்பது அவள் கட்சி.

அந்த வருடம் அவள் நாடும் கடலுக்கு அப்பால் இருந்த இன்னொரு நாடும் ஒப்பந்தம் போட்டிருந்தன. ரயில், துறைமுகம், கடற்படைப் பயிற்சி எல்லாம் சேர்ந்த பெரிய கூட்டு. இரண்டுமே ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றுகிற நாடுகள். இரண்டு பாராளுமன்றத்திலும் எதிர்க்கட்சிகள் ‘இதில் யாருக்கு லாபம்?’ என்று குடைந்துகொண்டிருந்தன. தேர்தலுக்குள் முதல் ரயில் பெட்டிகளை மக்கள் கண்ணில் காட்டிவிட அமைச்சர் துடித்தார். அந்த நாட்டிலிருந்து பெட்டிகளோடு கப்பல் வந்த அன்று கரையில் பந்தல், பேண்டு வாத்தியம், இரண்டு நாட்டுக் கொடிகள். அந்த நாட்டுத் தூதரும் வந்திருந்தார்.

கப்பலில் ஏறும்போதே காற்று அவளுக்குப் பிடிக்கவில்லை. மேல்தளத்தில் ரயில் பெட்டிகள் மதில்போல நின்றன. பக்கவாட்டில் காற்று அடித்தால் அவ்வளவும் காற்றை வாங்கும் பாய்தான். துறைமுக வாசலை நெருங்கியபோது அப்படித்தான் அடித்தது. கப்பலின் மூக்கு மெல்ல அலைதடுப்புச் சுவர்ப் பக்கம் ஒதுங்கியது.

வயர்லெஸ்ஸில் துறைமுக அதிகாரி வந்தார்.

“என்னம்மா தயங்குறீங்க? மந்திரி வந்து உக்காந்தாச்சு.”

“காத்து தள்ளுது சார்.”

“ரெண்டு இழுவைப் படகு கூட வருதுல்ல? மெதுவா கொண்டாந்துடுங்க. நாடே பாத்துட்டிருக்கு.”

கேப்டன் நரைத்த தலைக்காரர். இருவருக்கும் தெரிந்த பொதுமொழியில் கேட்டார்: “எங்க தூதர் அங்க நிக்கிறார். முடியுமா, முடியாதா?”

முடியலாம். அதுதான் அவளை வதைத்தது. அடியோடு முடியாது என்றால் சொல்லிவிட்டுப் போகலாமே.

“முடியலாம் கேப்டன். முடியாமப் போச்சுன்னா கப்பல் வாசல்லயே குறுக்க மாட்டிக்கும். திருப்பிடுவோம்.”

அவர் கரையை ஒருமுறை பார்த்தார். பிறகு திருப்ப உத்தரவிட்டார். சுவரில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பின்னால் ஓடுகிற அளவுக்குக் கிட்டத்தில் கப்பல் வளைந்து கடலுக்குத் திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் காற்று நின்றுவிட்டது. அதற்குள் கப்பல் வெகுதூரம் போயிருந்தது, கரையில் விழாவைக் கலைத்திருந்தார்கள்.

சாயங்காலம் எல்லாத் தொலைக்காட்சியிலும் காலிப் பந்தலும் அமைச்சரின் முகமும்தான். ‘ஒரு கப்பலை உள்ளே விடத் தெரியாதவர்களா கூட்டு சேர்வது?’ என்றது எதிர்க்கட்சி. ‘இது நமக்கு அவமானமா?’ என்று கேட்டது அந்த நாட்டுப் பத்திரிகை. விசாரணை முடிகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவளுக்கு உத்தரவு வந்தது.

“ரெண்டு அரசாங்கத்துக்கும் உன்மேல கோவம். நம்ம குடும்பத்துல இவ்வளவு பெரிய ஆளு யாருமே இருந்ததில்ல,” என்றான் கணவன். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

மகள்தான் கேட்டாள். “காத்து அப்புறம் நின்னுடுச்சாமே. கொஞ்சம் பொறுத்திருக்கலாமாம்மா?”

“வாசல்ல நின்னு பொறுக்க முடியாதுடி. நின்னா காத்து சுவர்மேல தள்ளிடும். உள்ள போகணும், இல்ல திரும்பணும்.”

சொல்லிவிட்டாளே தவிர, தட்டில் வைத்த சோற்றை அப்படியே மூடி வைத்தாள். வாசல் மணி அடித்தால்கூடத் தூக்கிவாரிப்போட்டது.

இரண்டொரு நாளில் வேறொரு பைலட் அதே கப்பலை ஆரவாரமில்லாமல் கொண்டுவந்து கட்டினார். பெட்டிகள் இறங்கின. கேப்டன் ஊருக்குக் கிளம்புமுன் கூப்பிடாமலே விசாரணை அறைக்கு வந்தார்.

“திருப்பச் சொன்னது அவங்க. திருப்பினது நான். கேக்க வேண்டியத என்கிட்டயும் கேளுங்க.”

கேட்டார்கள். மழைக்காலம் முழுக்க இழுத்தடித்துவிட்டு, அவள்மேல் தவறில்லை என்று எழுதினார்கள். அதற்குள் தேர்தலில் அமைச்சர் தோற்றிருந்தார். எதிர்த்தவர்களே ஆட்சிக்கு வந்து, ஒப்பந்தத்தைத் தங்களுடையதுபோல நடத்தினார்கள்.

அன்று உள்ளே வந்திருக்கலாமா என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. திரும்ப வேலைக்குப் போன அன்று வந்தது கோதுமை ஏற்றிய சின்னக் கப்பல். கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது. கப்பலில் ஏறுமுன் வயர்லெஸ்ஸை எடுத்து இழுவைப் படகுக்காரரிடம் கேட்டாள்: “அங்க காத்து எப்படி இருக்குண்ணே?”

“கொடிகூட அசையலம்மா.”

ஏணி ஏறிக் கேப்டன் நிற்கும் இடத்துக்குப் போவதற்குள் அவள் மறுபடியும் அதையே கேட்டாள்.