ஈரம் உட்கார்ந்த நாற்காலி

உட்கார முடிந்தால் நாற்காலி, முடியாவிட்டால் சிலை என்பாள் என் மனைவி. நான் செய்வது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆசாரி என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வரும், கலைஞர் என்றால் கூச்சம் வரும்.

பழைய துறைமுகத்தில் உடைத்த தோணி ஒன்றின் வளைந்த விலாக்கட்டைகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். அந்தத் தோணியில் மாலத்தீவுக்குப் போன அவர் கணவர் திரும்பவில்லை. நடுக்கடலில் ஒரு காலையில் பார்த்தால் ஆளைக் காணோமாம். தோணி மட்டும் கரைக்கு வந்தது.

"அவியளுக்கு ஒரு நாற்காலி செய்யணும் அண்ணாச்சி. உங்க உசரம், உங்க உடம்புதான்."

அதனால் நானே உட்கார்ந்து பார்த்து உட்கார்ந்து பார்த்து இருக்கையைக் குடைந்தேன். கடல் குடித்த மரத்தை மாதக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுக்க வேண்டும். அவசரக்குடுக்கை நான், பத்தே நாளில் வெளியே எடுத்துவிட்டேன். முதுகுக்கும் கைகளுக்கும் எண்ணெய் பூசினேன். குழிவை மட்டும், மரம் உடம்பில் படட்டும் என்று பூசாமல் விட்டேன். கலைஞர் திமிர், வேறென்ன.

முதல் மழைக்கு ஃபோன் வந்தது.

"அவிய வந்து உக்காந்துட்டுப் போயிருக்காவ அண்ணாச்சி."

போனேன். கான்கிரீட் வீடு, ஒழுகல் கிடையாது. ஆனால் குழிவு மட்டும் நனைந்திருந்தது. இரண்டு தொடை, இடுப்பு, அவ்வளவு தெளிவாக. பக்கத்தில் ஒரு டம்ளர் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஈரம் இடப்பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. சின்ன வயதில் விழுந்ததிலிருந்து எனக்கு இடது இடுப்பு தாழ்ந்துதான் இருக்கும்.

அவர் மகள் என்னைத் தனியே அழைத்து அழுதாள். அப்பாவுக்காக மாதா கோவிலில் இறந்தவர்களுக்கான பூசை வைக்க அம்மா ஒருவழியாகச் சம்மதித்திருந்தாராம். இப்போது, உயிரோடு இருப்பவருக்கு எதற்குப் பூசை என்கிறாராம். சோறு தண்ணி இல்லாமல் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"எக்கா, அது உப்பு. மழைக்கு ஈரம் வாங்குது. அந்தத் தடம் என்னோடது."

"பொய் சொல்லுதிய."

வேறு வழியில்லாமல் அதில் உட்கார்ந்தேன். அப்படியே பொருந்தியது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகளிடம், "சாமியார்ட்ட நாள் கேட்டுட்டு வா" என்றார். டீயை எடுத்து வாசலில் கொட்டினார். ஓர் ஆளைக் கொன்றுவிட்டு எழுவதுபோல நான் எழுந்தேன்.

பூசை முடிந்த மறுநாள் நாற்காலி என் பட்டறைக்கே வந்துவிட்டது. "அது உங்க ஆளு, நீங்களே வச்சிக்கிடுங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அதில் நான் அப்புறம் உட்காரவே இல்லை. ஆனால் மழை மேகம் மூடும் நாட்களில் பட்டறையைத் திறந்தால், எனக்கு முன்பே நான் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறேன்.

போன வாரம் நான் ஏரலுக்குப் போய்த் திரும்பியபோது, அதன் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ ஆறிக் கிடந்தது. "இப்பத்தான எந்திரிச்சிப் போனிய?" என்றாள் என் மனைவி.