கடப்பாரை வரைந்த பக்கம்

பேத்தி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படம் வரைகிறாள். பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகம் எதிரே விரிந்திருக்கிறது. இருளர்களைப் பற்றிய சிறுவர் புத்தகம். முப்பத்திரண்டு பக்கம்; எண்ணிவிட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், கிரிவலம் போனால்கூட நான் சாமி கும்பிடுவதைவிட வேகத்தடைகளை எண்ணுவதுதான் ஜாஸ்தி.

அவள் ரப்பரால் எதையோ தேய்த்தாள். அந்த வாசனை வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது நூலகப் பொறுப்பும் என் தலையில். நூலகம் என்றால் இரண்டு பீரோ, ஒன்றுக்குச் சாவி கிடையாது. நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். வருடாந்திரக் கணக்கெடுப்பில் மற்றவர்கள் புத்தகங்களை எண்ணுவார்கள். நான் பக்கங்களையும் எண்ணுவேன். அப்படித்தான் அது கண்ணில் பட்டது.

நம் நாட்டுப் பழங்குடிகளைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதிய நூல். இருபத்துமூன்றாம் பக்கத்தில் ஓர் இருளர். தலையில் இறகு, கையில் மகுடி. யாரோ மகுடியைப் பென்சிலால் அடித்துவிட்டுக் கடப்பாரை வரைந்திருந்தார்கள். முனை மழுங்கியிருந்ததுகூடத் தெரிந்தது.

வகுப்பில் கேட்டேன். கன்னியம்மா தானாகவே எழுந்தாள். ஏரிக்கரை இருளர் குடிசைகளிலிருந்து எங்கள் ஆறாம் வகுப்புக்கு வந்த ஒரே பிள்ளை.

“நாங்க மகுடி ஊதமாட்டோம் சார். எங்கப்பா கடப்பாரையால வளைய நோண்டித்தான் பாம்பு புடிப்பாரு.”

“புத்தகம் எழுதுனவங்களவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ?”

“தப்பா இருந்தா நீங்க அழிச்சுக்கலாம்னுதான் சார் பென்சில்ல போட்டேன்.”

“ஏய், உன் தலையில இறகு எங்கடி?” என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு ரப்பரைக் கொடுத்து, எல்லார் முன்னாலும் அவளையே அழிக்கச் சொன்னேன். நாற்பத்தொரு தடவை தேய்த்தாள். தாள் ஓட்டையாகி, கடப்பாரையோடு அந்த மனிதரின் கையும் போயிற்று.

மறுநாள் அவள் வரவில்லை. வராத நாட்களைச் சரியாக எண்ணி, வருகைப் பதிவேட்டில் பெயரை நீக்கினேன். தேடிப் போனது மாதங்கள் கழித்துத்தான். பள்ளி வாசலிலிருந்து அறுநூற்று நாற்பது தப்படி, அவ்வளவுதான். குடிசைகள் இல்லை.

“செங்கல் சூளைக்குப் போய்ட்டாங்க சார். எந்த ஊரு சூளைனு தெரியலீங்க,” என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்.

“தாத்தா, இவரு கையில என்ன இது?” என்று பேத்தி கேட்கிறாள்.

கடப்பாரை. இந்தப் புத்தகத்தில் சரியாகவே வரைந்திருக்கிறார்கள். எழுதியவர்கள், வரைந்தவர்கள் என்று கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்கள். இரண்டு முறை படித்தேன். கன்னியம்மா இல்லை.

அந்த பீரோக்கள் இப்போது இல்லை. ஏரிக்கரை வீட்டு மனைகளாகிவிட்டது. பழைய புத்தகத்தைக் கழிவில் தள்ளியதும் நான்தான். கழிவுப் பட்டியலில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. ‘பக்கம் 23 சேதம். செய்தவர்: மாணவி கன்னியம்மா’ என்று எழுதினேன். அந்தப் பள்ளியில் அவள் பெயர் கடைசியாக எழுதப்பட்டது அங்கேதான்.

பேனாவில்.