வெங்காயத்தின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள். மைசூரில் அக்ரஹாரத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். மேல்கோட்டை வழிவந்த ஐயங்கார்க் குடும்பம். வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, முருங்கைக்காய் எதுவும் எங்கள் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. பெருமாளுக்குக் காட்டாததைச் சாப்பிடுவதில்லை. பிறத்தியார் வீட்டில் சமைத்ததையும் சாப்பிடுவதில்லை. இந்தக் கடைசி விதியைத்தான் வெளியே சொல்ல முடியாது.

"உங்கள் வீட்டில் சமைத்ததை நாங்கள் சாப்பிட மாட்டோம்" என்று ஒருவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னால் அது சாதி. சாதியேதான், வேறொன்றும் இல்லை. ஆகவே, கூடிப் பேசி முடிவெடுக்காமலே, எல்லாவற்றையும் வெங்காயத்தின் தலையில் கட்டிவிட்டோம். "நாங்க வெங்காயம் பூண்டு சேத்துக்கறதில்ல, தப்பா நினைச்சுக்காதீங்க." வெங்காயம் கோபித்துக்கொள்ளாது. கல்யாணமோ பிறந்தநாளோ, வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். போன இடத்தில் ஆளுக்கொரு வாழைப்பழம் வாங்கிக்கொள்வோம், போட்டோவுக்கு நிற்போம், திரும்பிவிடுவோம். இந்த ஊரில் எங்களுக்கென்றே வாழைப்பழம் வாங்கி வைக்கும் வீடுகள் ஏழெட்டு இருக்கின்றன.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆசாரமெல்லாம் மூவரும் சேர்ந்து போனால்தான். ஒருநாள் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது தெருமுனை மசாலா பூரி வண்டியில் என் மனைவியைப் பார்த்தேன். "ஈருள்ளி ஜாஸ்தி ஹாகி" என்று கன்னடத்தில், வெங்காயம் தாராளமாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கூட்டரை வேறு தெருவில் திருப்பினேன். மகளின் பைக்குள் ஒருமுறை முட்டை பஃப் உதிர்ந்து கிடந்தது. அதையும் நான் பார்க்கவில்லை. மூன்று பேரும் தனித்தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சேர்ந்தால் மட்டும் பட்டினி.

என் விஷயம் இன்னும் மோசம். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜை நண்பர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். வீட்டில் தமிழ்தான். அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்காக மைசூர் வந்தவர்கள். அப்பா கொத்தனாராக இருந்து காலமாகிவிட்டார். அம்மா சித்தாளாகச் செங்கல் சுமந்து இவரைப் படிக்க வைத்தார். அந்த அம்மா கட்டிக்கொடுக்கும் டப்பாவில் பதினோரு வருஷமாகப் பாதி என்னுடையது. கொள்ளுக் கடையல், பூண்டுக் குழம்பு, சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பார். என் தயிர்சாதத்தை அவர் சாப்பிடுவார். ஏமாந்தது அவர்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

"நீங்க சாப்புடறீங்கன்னா அம்மா நம்ப மாட்டேங்குது சார்" என்று அவர் அடிக்கடி சொல்வார். "அந்தத் தெருக்காரங்க நம்ம சோத்தைத் தொடுவாங்களா, யாருகிட்ட கத உடறன்னு கேக்குது."

அந்த அம்மா நம்பாததற்குக் காரணம் இருந்தது. இளவயதில் அக்ரஹாரத்தில் ஒரு வீட்டுக்கு மாடி கட்டப் போயிருக்கிறார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் டம்ளர் தர மாட்டார்கள். கையைக் குவித்து ஏந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றுவார்களாம். எந்தத் தெரு, எந்த வீடு என்று நண்பரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

போன வருஷம் நண்பர் ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் சாலையில், ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட்டில், சொந்த வீடு கட்டி முடித்தார். புதுமனை புகுவிழாவுக்கு நாள் பார்த்துத் தரும்படி என்னைத்தான் கேட்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டி, பஞ்சமி திதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தேன்.

"குடும்பத்தோட வரணும் சார். நீங்க எலையில உக்காந்து சாப்புடறத அம்மா கண்ணால பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார்.

"நாங்க வெங்காயம் பூண்டு..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. தினமும் அவருடைய பூண்டுக் குழம்பைச் சாப்பிடுகிறவன் சொல்கிறேன். அவர் சிரிக்கவில்லை. "வீட்டுல அவங்களுக்கு ஆகாதுங்க, எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதன் பிறகு ஒரு மாதம் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா? ரசத்தை நீங்க சாத்தமுதுன்னு சொல்லுவீங்களாமே, அதுக்குப் பூண்டுக்குப் பதில் என்ன? பாயசத்துக்கு வெல்லமா, சர்க்கரையா? நான் பொது அறிவுக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுபோல் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். இவர் எதற்கு இதெல்லாம் கேட்கிறார் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. என் மூளை அலுவலக நேரத்தில் அப்படித்தான் வேலை செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் போனோம். வாசலில் ஷாமியானா, நாற்காலிகள், ஐம்பது அறுபது பேர். கேட்டரிங் ஆட்கள் பலாவ் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நான் வாழைப்பழத்தை எதிர்பார்த்து ஓரமாக உட்கார்ந்தேன். நண்பர் எங்களை நேராகச் சமையலறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு மூலை தனியாக இருந்தது. புது அடுப்பு. ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புதுப் பாத்திரங்கள். கூடத்தில் தனியாக மூன்று இலைகள். பக்கத்தில் நண்பரின் அம்மா, தலையில் ஈரத் துண்டு சுற்றியபடி நின்றுகொண்டிருந்தார்.

"காலைல நாலு மணிக்குத் தலைக்கு ஊத்திட்டு அம்மாதான் செஞ்சுது" என்றார் நண்பர். "இது முடிஞ்ச பொறவுதான் கேட்டரிங்காரங்க வெங்காய மூட்டைய கேட்டுக்குள்ளயே உட்டோம். அதுவரைக்கும் ரோட்டுலயே கெடந்துச்சு. சாமிக்குக் காட்டியாச்சு. உக்காருங்க சார்."

ஒரு சாக்குக்கும் இடம் வைக்கவில்லை மனுஷர். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, எச்சில் பாத்திரம் இல்லை. மீதி இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் இத்தனை வருஷமாக நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். மூன்று திருடர்கள் ஒருவரையொருவர் போலீஸ் என்று நினைத்து நிற்கும் நிலை. அந்த அம்மா என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எங்களுக்கு ஏகாதசி" என்றேன்.

பஞ்சமி என்று நாள் குறித்துக் கொடுத்தவன் நான். அதைக் கேட்டு எழுதிக்கொண்டவர் எதிரே நிற்கிறார். பஞ்சமிக்கும் ஏகாதசிக்கும் ஆறு நாள் வித்தியாசம். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "ஆமாம்மா, நாந்தான் மறந்துட்டேன். ஏகாதசி. இன்னைக்கு இவங்க ஒண்ணும் சாப்புட மாட்டாங்க" என்றார்.

தன் வீட்டு விசேஷத்தில், தன் அம்மாவிடம், எனக்காகப் பொய் சொன்னார். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்த நாள் வேறு இல்லை. அந்த அம்மா, "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய்த் தாம்பாளத்தில் மூன்று வாழைப்பழம் வைத்துக் கொண்டுவந்தார். நஞ்சன்கூடு பழம், நல்ல வாசனை. மூன்றையும் வாங்கிக்கொண்டோம்.

ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வந்தது.

"இன்னிக்கு ஏகாதசியா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"நேக்குத் தெரியும். நான் உக்காரலாம்னுதான் பார்த்துண்டிருந்தேன். நீங்க ஏதாவது சொல்வேளோன்னு நின்னேன்."

"நானா? நீ சொல்லுவியோன்னுதான் நான்..."

"நானு ஊட்டா மாட்தித்தே" என்றாள் மகள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சட்டென்று வரும். நான் சாப்பிட்டிருப்பேன் என்கிறாள். மூன்று பேருமே சாப்பிட்டிருப்போம். அப்படியானால் இத்தனை வருஷமும் யாருக்காகக் கட்டுப்பாடு காத்தோம் என்று எனக்கு விளங்கவில்லை. டப்பா விஷயத்தை அப்போதும் நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நண்பர் டப்பா கொண்டுவரவில்லை. செவ்வாயும் இல்லை. மதியம் கேன்டீனுக்குப் போய்விடுவார். காலையில் வணக்கம் சொல்வார், ஃபைல் கேட்டால் தருவார், எல்லாம் முன்போலத்தான். நான் தயிர்சாதத்தை முழுசாக நானே சாப்பிட்டேன். பாவம், பதினோரு வருஷமாக இதைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை அரைநாள் அலுவலகம். கிளம்பும் நேரத்தில் அவரை மறித்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சார் இருக்குது. டப்பா கட்ட மாட்டேங்குது." சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தார். "பதினோரு வருஷமா ரெண்டு ஆளுக்குச் சோறு கட்டிக் குடுத்தேனே, அதையெல்லாம் நாயிக்குப் போட்டயாடான்னு கேக்குது."

நான் ஸ்கூட்டரை எடுத்தேன். "வாங்க, உங்க வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பின்னால் ஏறிக்கொண்டார்.

அம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் கை தானாகப் பழத்தட்டு இருந்த பக்கம் போயிற்று. நான் அவசரமாக, "பசிக்குதும்மா, சாப்பிட வந்தேன். என்ன இருக்கோ போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் மகனைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு இலையைக் கொண்டுவந்து போட்டார். நான் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். குழம்புச் சட்டியும் வந்தது. வாசனையிலேயே பூண்டு என்று தெரிந்தது. கரண்டி இலைக்கு மேலே வந்து நின்றது.

"வூட்டுல தெரியுங்களா?" என்று கேட்டார்.

நான் குனிந்து இலையைப் பார்த்தேன்.

"தெரியாதுன்னா வேண்டாமுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. "தனியா வந்து ஒளிஞ்சு சாப்புட்டுப் போறதுக்கு இது ஓட்டலுங்களா? அன்னைக்கு மூணு எலை போட்டு வெச்சுருந்தேன்." கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் வைத்துவிட்டார்.

அந்த வெற்று இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே மனைவிக்குப் போன் செய்தேன். எங்கே இருக்கிறேன், எதற்கு வந்தேன், பதினோரு வருஷமாக யாருடைய சாப்பாட்டைச் சாப்பிடுகிறேன், எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயத்தை, பூண்டை, கொள்ளை, எதையும் விடவில்லை. அவள் முழுக்கக் கேட்டாள்.

"தயிர்சாதம் மட்டும் சாப்பிடற மனுஷர் கையில தினம் பூண்டு வாசனை வருமா? பதினோரு வருஷமா நீங்களே சொல்வேள்னு இருக்கேன்" என்றாள். "போனை அவாகிட்ட குடுங்கோ."

கொடுத்தேன். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. "ஆமாங்க... பூண்டுக் கொளம்புங்க... வெங்காயமும் போட்டுருக்குதுங்க... இல்லீங்க, இன்னும் போடல..." பிறகு வெகுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பொண்ணையும் கூட்டிக்கிட்டு வர்றாங்களாம். அதுவரைக்கும் உக்காந்திருங்க" என்றார். என் இலைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு இலை போட்டார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் வயிறு எனக்கும் நண்பருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டது. அவரும் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் அலுவலக இடமாற்றல்களைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.

மனைவியும் மகளும் வந்தார்கள். மனைவி வாசலிலேயே, "அன்னிக்கு நாங்க பண்ணினது தப்பு. ஏகாதசியெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அந்த அம்மா கை கழுவ இடம் காட்டினார்.

முதலில் மனைவியின் இலையில்தான் பரிமாறினார். அவள் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை அங்கேயே நின்று பார்த்தார். பிறகு மகளுக்கு. கடைசியில் எனக்கு. சோறு ஆறிப்போயிருந்தது. பதினோரு வருஷமாக டப்பாவில் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். மகள் இரண்டாம் முறை குழம்பு கேட்டாள்.

அந்த அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று இலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தன் மகனிடம் திரும்பினார்.

"அப்ப நாயிக்குப் போடலையாட்ட இருக்குது" என்றார்.